கல்லூரி நூலகத்துக்குப் புத்தகம் கொடுக்கும் முன்...

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாத குடியிருப்பாளர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு, விருந்தினர் பார்க்கிங் மூன்றையும் பேசி முடித்து, காபியும் குடித்த பிறகு எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். வங்கியில் லெட்ஜர் எழுதியவனுக்கு நூலகத்தைப் பற்றி என்ன தெரியும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இன்றைய விஷயம் பாதிக்கு மேல் பதிவேடு சம்பந்தப்பட்டது. அதனால் துணிந்து வந்திருக்கிறேன்.

விஷயம் உங்களுக்குத் தெரியும். கிளப் ஹவுஸ் மாடியறையில் நாற்பது அட்டைப்பெட்டிகள் நிறையப் புத்தகங்கள் சேர்ந்திருக்கின்றன. பக்கத்துக் கல்லூரி நூலகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுக்கலாம் என்று சங்கம் முடிவு செய்து, இரண்டு மாதமாக நீங்கள் எல்லோரும் கொண்டுவந்து கொடுத்தவை அவை. அது தவிர, சென்ற ஆண்டு மறைந்த நம் சி பிளாக் பேராசிரியர் ஐயாவின் இரண்டு பீரோ புத்தகங்களையும் கொடுக்க அம்மா முன்வந்திருக்கிறார்கள். கல்லூரி நூலகர் நேரில் வந்து பார்த்தார். மிகவும் சந்தோஷம் என்றார். பிறகு, "முதலில் ஒரு பட்டியல் கொடுங்கள், பார்த்துவிட்டு எவை வேண்டும் என்று சொல்கிறேன்" என்றார்.

அன்று இரவு நம் வாட்ஸ்அப் குழு சூடாகிவிட்டது. "ஓசியில் கொடுப்பதற்கு லிஸ்ட் வேறா?" என்று ஒருவர். "மொத்தமாக எடுத்தால் எடுக்கட்டும், இல்லையென்றால் பழைய பேப்பர்காரரிடம் போடலாம்" என்று இன்னொருவர். கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நூலகர் கேட்டது சரி என்பது என் கட்சி. ஏன் சரி என்று சொல்ல, முதலில் முந்நூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு கல்லூரி நூலகத்தின் கதையைச் சொல்கிறேன். அமெரிக்கக் கதைதான். ஆனால் நம் ஜார்ஜ் கோட்டைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

அன்பளிப்பிலேயே பிறந்த ஒரு நூலகம்

1701-இல் கனெக்டிகட் என்ற ஆங்கிலேயக் குடியேற்றத்தில் பத்து பாதிரியார்கள் சேர்ந்து ஒரு கல்லூரி தொடங்கினார்கள். கட்டடம் கிடையாது, பணமும் அதிகம் கிடையாது. ஆளுக்குச் சில புத்தகங்களை மேசைமேல் வைத்து, கல்லூரி தொடங்குவதற்காக இவற்றைக் கொடுக்கிறோம் என்று சொன்னார்கள் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கல்லூரிக்கு முன்னால் நூலகம் பிறந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அவை பெரும்பாலும் பழைய சமய நூல்கள். பையன்கள் படித்ததும் நூறு ஆண்டுப் பழைய பாடம். பூமியைச் சுற்றித்தான் சூரியன் போகிறது என்ற கணக்கு அங்கே இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது லண்டனில் அந்தக் குடியேற்றத்தின் பிரதிநிதியாக ஜெரமையா டம்மர் என்பவர் இருந்தார். அவர் பணம் திரட்டவில்லை, புத்தகம் திரட்டினார். எழுத்தாளர்கள், மருத்துவர்கள், விஞ்ஞானிகள் என்று ஒவ்வொருவர் வாசலாக ஏறி இறங்கிக் கேட்டார். 1714-இல் 800-க்கும் மேற்பட்ட புத்தகங்கள் கப்பலேறின. ஐசக் நியூட்டன் தாம் எழுதிய 'பிரின்சிபியா', 'ஆப்டிக்ஸ்' இரண்டையும் கொடுத்தார். வால்நட்சத்திரத்தால் நமக்குப் பெயர் தெரிந்த எட்மண்ட் ஹாலியும் கொடுத்தார்.

அந்தப் பெட்டிகள் போய்ச் சேர்ந்ததும் என்ன ஆயிற்று என்று பாருங்கள். சாமுவேல் ஜான்சன் என்று ஓர் இளைஞர், அதே கல்லூரியில் படித்து முடித்து அங்கேயே ஆசிரியரானவர். (ஆங்கில அகராதி எழுதிய ஜான்சன் வேறு, இவர் வேறு.) அவர் அந்தப் பெட்டிகளிலிருந்து பேகன், லாக், நியூட்டன் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். தான் படித்த பாடம் எவ்வளவு பழையது என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. மாணவர்களுக்குப் புதிய வானியலையும் கணிதத்தையும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்.

அதோடு நிற்கவில்லை. 1722-இல் கல்லூரியின் தலைவரே, இந்த ஜான்சன் உள்ளிட்ட சிலரோடு சேர்ந்து, எங்கள் சபையைவிட இங்கிலாந்துத் திருச்சபையே சரி என்று வெளிப்படையாக அறிவித்துவிட்டார். அந்த முடிவுக்கு அவர்களைக் கொண்டுபோனதில் அன்பளிப்பாக வந்த சமய நூல்களுக்குப் பெரிய பங்கு இருந்தது. ஊரே அதிர்ந்துபோயிற்று. தலைவரின் வேலை போயிற்று. ஜான்சன் பின்னாளில், இன்று கொலம்பியா பல்கலைக்கழகம் என்று அழைக்கப்படும் கல்லூரியின் முதல் தலைவரானார்.

அவர்கள் எடுத்த முடிவு சரியா தவறா என்பது நம் விஷயமில்லை. தேவையான புத்தகம் தேவையான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால், எட்டு வருடத்தில் ஒரு கல்லூரியின் பாடத்திட்டத்தையும் நிர்வாகத்தையும் புரட்டிப்போட முடியும் என்பதற்காகச் சொல்கிறேன். அந்த நூல்களை விலை கொடுத்து வாங்க அந்தக் கல்லூரியிடம் பணமும் இல்லை, வாங்க வேண்டும் என்ற எண்ணமும் இல்லை.

கோட்டை கவர்னரின் ஒன்பது மூட்டைகள்

இனி நம் ஊர்ப் பங்குக்கு வருகிறேன். ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். பாஸ்டனில் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தராக வேலைக்குச் சேர்ந்து, சென்னையில் பெரும் செல்வம் சேர்த்தவர். கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் முதன்முதலாக நடந்த திருமணம், 1680-இல், இவருடையதுதான். கம்பெனி காசில் சொந்த வியாபாரம் செய்தார் என்று குற்றச்சாட்டு எழுந்து பதவி இழந்தார். அவர் ஆண்ட காலத்தில் இந்தக் கரையிலிருந்து அடிமைகளாக மனிதர்கள் கப்பலேற்றப்பட்டதும் பதிவேடுகளில் இருக்கிறது. இதையும் சொல்லாமல் விடக்கூடாது.

அவர் லண்டன் திரும்பிப் பெரிய பணக்காரராக இருந்தபோது, பாஸ்டன் பாதிரியார் காட்டன் மேத்தர் 1718-இல் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். கல்லூரிக்கு உதவினால் அதற்கு உங்கள் பெயரே கிடைக்கலாம் என்பது சாரம். யேல் அனுப்பிவைத்தவை: 417 புத்தகங்கள், அரசர் முதலாம் ஜார்ஜின் படம் ஒன்று, ஒன்பது மூட்டை சரக்குகள். சரக்கு விற்று வந்த தொகை 562 பவுண்டு. கல்லூரிக்கு யேல் கல்லூரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்று உலகமே அறிந்த யேல் பல்கலைக்கழகம் அதுதான்.

கணக்குப் பார்க்கிறவன் என்ற முறையில் எனக்கு ஒன்று தோன்றுகிறது. எண்ணிக்கையிலும் சரி, ஏற்படுத்திய மாற்றத்திலும் சரி, டம்மர் திரட்டியதுதான் பெரிய கொடை. பெயர் கிடைத்ததோ யேலுக்கு. டம்மரை இன்று யாருக்குத் தெரியும்? கல்வெட்டில் யார் பெயர் இருக்கிறது என்பதை வைத்துக் கொடையின் பயனை அளக்க முடியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பேராசிரியர் ஐயாவின் புத்தகங்களைப் பற்றிப் பேசும்போது திரும்ப வருகிறேன்.

பட்டியல் ஏன் வேண்டும்

1716-இல் கல்லூரியை நியூ ஹேவன் என்ற ஊருக்கு மாற்ற முடிவு செய்தார்கள். புத்தகங்களோ சேப்ரூக் என்ற ஊரில் ஒருவர் வீட்டில் இருந்தன. சேப்ரூக்காரர்களுக்குக் கல்லூரி போவதில் கோபம். புத்தகத்தைத் தர மாட்டோம் என்று மறித்துக்கொண்டார்கள். ஷெரிப் ஆள்படையோடு வந்து எடுக்க வேண்டியதாயிற்று. இரவோடு இரவாக வண்டிகளை உடைத்தார்கள், வழியிலிருந்த பாலங்களைப் பெயர்த்தார்கள். ஒருவழியாகப் புத்தகங்கள் போய்ச் சேர்ந்து பார்த்தால், சுமார் 250 புத்தகங்களைக் காணோம். சில முக்கியமான காகிதங்களும் போயின.

சரியான நூற்பட்டியல் என்று ஒன்று அச்சானது 1743-இல். தாமஸ் கிளாப் என்ற தலைவர், சுமார் 2,600 புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்துப் பட்டியல் போட்டார். மாணவன் எந்த ஆண்டில் எதைப் படிக்க வேண்டும் என்று முன்னுரையில் வழியும் காட்டினார். கல்லூரி தொடங்கி 42 ஆண்டுகளுக்குப் பிறகு! அதுவரை நூலகத்தில் புத்தகம் இருந்தது. இன்ன புத்தகம் இன்ன இடத்தில் இருக்கிறது என்று ஒரு மாணவன் தானாகக் கண்டுபிடிக்க வழி இல்லை. அன்று பட்டியலில் ஏறிய நூல்களை இன்றும் அந்தப் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி அரிய நூலகத்தில் தனித்தொகுதியாகக் காத்துவருகிறார்கள். எண் போட்டுப் பதிந்தது முந்நூறு ஆண்டு நிற்கிறது.

இடையில் இன்னொரு நல்ல கொடை. ஜார்ஜ் பெர்க்லி என்ற தத்துவ அறிஞர் 1733-இல் சுமார் 900 புத்தகங்கள் அனுப்பினார். அதற்கு முந்தைய ஆண்டே, அமெரிக்காவில் தமக்கிருந்த 96 ஏக்கர் பண்ணையைக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் குத்தகைப் பணத்தில் கிரேக்கமும் லத்தீனும் நன்றாகப் படிக்கும் மாணவர்களுக்கு உதவித்தொகை. புத்தகத்தையும் கொடுத்து, அதைப் படிக்கும் மாணவனுக்குச் சோற்றுக்கும் வழி செய்த மனிதர் அவர்.

தீயில் தப்பியவை

ஹார்வர்டு கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1638-இல் இறந்த ஜான் ஹார்வர்டு என்ற இளம் பாதிரியார் தம் சொத்தில் பாதியையும், சுமார் 400 புத்தகங்களையும் இரண்டே வயதான ஒரு கல்லூரிக்கு எழுதி வைத்தார். கல்லூரிக்கு அவர் பெயர் வந்தது. 1764 ஜனவரியில் பனிப்புயல் அடித்த ஓர் இரவில் அந்த நூலகக் கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. ஏறக்குறைய 5,000 புத்தகங்களில் சுமார் 400தான் மிஞ்சின. எவை தெரியுமா? இரவல் போயிருந்தவையும், புதிதாக வந்து இன்னும் அலமாரியில் ஏறாதவையும். ஜான் ஹார்வர்டு கொடுத்ததில் மிஞ்சியது என்று உறுதியாகத் தெரிவது ஒரே ஒரு புத்தகம். அதையும் யாரோ வாசிக்க எடுத்துப் போயிருந்ததால் பிழைத்தது.

தீக்குப் பிறகு பல பக்கமிருந்தும் புத்தகங்கள் வந்தன. இங்கிலாந்திலிருந்து தாமஸ் ஹாலிஸ் என்பவர் பெட்டி பெட்டியாக அனுப்பினார். தாம் இறக்கும்போது புத்தகம் வாங்குவதற்கென்றே 500 பவுண்டு எழுதி வைத்தார். நம் மொழியில் சொன்னால் நிரந்தர வைப்புத்தொகை. முதல் அப்படியே இருக்க, வட்டியில் புத்தகம். அந்த நிதி இருநூறு ஆண்டுகளைத் தாண்டியும் நிற்கிறது. ஹார்வர்டின் இணைய நூற்பட்டியலுக்கு இன்று 'ஹாலிஸ்' என்றே பெயர்.

இலவசப் புத்தகத்தின் செலவு

இனி நம் நாற்பது பெட்டிகளுக்கு வருவோம். ஒரு புத்தகம் அன்பளிப்பாக வந்தால் கல்லூரி நூலகத்தில் என்ன வேலை நடக்கிறது?

முதலில் அதே புத்தகம் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பக்கம் குறைகிறதா, கரையான், ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று புரட்ட வேண்டும். ஒரு பூச்சி பிடித்த பெட்டி உள்ளே போனால் பக்கத்து அலமாரியும் போயிற்று. பிறகு சேர்க்கைப் பதிவேட்டில் வரிசை எண், தேதி, ஆசிரியர், தலைப்பு, பதிப்பு, கொடுத்தவர் பெயர் எல்லாம் எழுத வேண்டும். வங்கியில் ஒரு ரூபாய் வந்தாலும் வரவு வைக்காமல் விட முடியாது அல்லவா, அதுபோல. அடுத்து முத்திரை. பொருள் பார்த்து வகைப்பாட்டு எண். முதுகில் சீட்டு. கணினிப் பட்டியலில் பதிவு. கடைசியில் அலமாரியில் இடம். இத்தனைக்கும் அங்கே இருப்பது ஒரு நூலகரும் ஒரு உதவியாளரும்.

நாற்பது பெட்டியை மொத்தமாக இறக்கினால் அது மூலையில் அடுக்கப்பட்டுக் கிடக்கும். மூன்று வருடம் கழித்து வேறொரு நூலகர் வந்து, இது யாருடையது என்று கேட்பார். அதற்குள் பூச்சி வேலையை முடித்திருக்கும். நாமோ கல்லூரிக்கு ஆயிரம் புத்தகம் கொடுத்தோம் என்று ஆண்டறிக்கையில் படம் போட்டிருப்போம். வரவும் இல்லை, இருப்பும் இல்லை, படம் மட்டும் இருக்கும்.

நூலகவியலுக்கு உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் நம் ஊர்க்காரர். மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துவிட்டு, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானவர். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளின் சாரம் சாதாரணமாகத் தெரியும்: நூல்கள் பயன்படுத்துவதற்காக இருக்கின்றன, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் கிடைக்க வேண்டும், வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும். நம் பெட்டிகளைப் பிரிக்க இதைவிட நல்ல அளவுகோல் வேண்டாம். அவரே பின்னாளில் தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்ச ரூபாயைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து, மனைவி சாரதாவின் பெயரில் நூலகவியலுக்கு ஒரு பேராசிரியர் இடம் ஏற்படுத்தினார்.

எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்க வேண்டாம்

நான் வணிகவியல் படித்தவன். என் துறையிலிருந்தே சொல்கிறேன். மாடியறையில் கம்பெனி சட்ட நூல்கள் ஐந்தாறு பார்த்தேன். எல்லாம் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு எழுதியவை. அதன் இடத்தில் 2013 சட்டம் வந்து எவ்வளவோ காலம் ஆயிற்று. விற்பனை வரிக் கையேடுகள் இருக்கின்றன. 2017 ஜூலை முதல் ஜி.எஸ்.டி. இந்திய தண்டனைச் சட்ட உரைநூல்கள் இருக்கின்றன. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா. இவற்றை முதலாண்டு மாணவன் நம்பிப் படித்துவிட்டுத் தேர்வு எழுதினால் யாருக்கு நஷ்டம்? பழைய வருமான வரி வழிகாட்டி, முடிந்துபோன பாடத்திட்டத்தின் நோட்ஸ், விடை டிக் அடித்த போட்டித் தேர்வு கைடு, பழைய கணினி மென்பொருள் புத்தகம் எல்லாம் இதே ரகம். இவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் கொடுப்பதில் பாவம் ஒன்றும் இல்லை.

ஆனால் கணக்கியலின் அடிப்படை, புள்ளியியல், பொருளாதாரச் சிந்தனை வரலாறு, நல்ல கணித நூல்கள், அகராதிகள், இலக்கண உரைகள், இலக்கியப் பதிப்புகள் இவற்றுக்கு அவ்வளவு சீக்கிரம் வயதாகாது. கல்லூரியில் முதுகலை இருந்தால், மறுபதிப்பு வராத நூல்களுக்கு உண்மையான தேவை இருக்கும். நல்ல நாவல் ஐந்து பிரதி இருந்தாலும் ஒரு கல்லூரிக்கு வேண்டியிருக்கும். ஐம்பது பிரதி வேண்டாம். ஒரு சிறு குறிப்பு: கூடுமானவரை அட்டை கிழிந்ததைத் தைத்து, தூசி தட்டி, வெயிலில் அல்லாமல் நிழலில் காற்றாட வைத்துக் கொடுங்கள்.

புத்தகம் அல்லாதவை

இதைச் சொன்னால் சிலருக்கு ஆச்சரியமாக இருக்கும். நம்மிடம் இருக்கும் மிக அரிதானவை ஒருவேளை புத்தகமாகவே இருக்காது. பழைய கடிதங்கள், கடைக் கணக்கு நோட்டுகள், கல்யாணப் பத்திரிகைகள், நாடக நோட்டீசுகள், சங்க மலர்கள், கோயில் விழா அழைப்புகள், ஊர்ப் புகைப்படங்கள், நின்றுபோன சிறுபத்திரிகைகள். புத்தகம் ஆயிரம் பிரதி அச்சாகும். தாத்தாவின் மளிகைக் கடைக் கணக்கு நோட்டு உலகத்திலேயே ஒன்றுதான். அரிசி என்ன விலை, கடன் யாருக்குக் கொடுத்தார், எப்போது திரும்ப வந்தது எல்லாம் அதில் இருக்கிறது. வரலாறு, பொருளாதாரம் படிக்கிற மாணவனுக்கு அது தங்கம்.

தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைப் பாருங்கள். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த முத்தையா செட்டியார், நூல்களோடு இப்படிப்பட்ட அழைப்பிதழ், துண்டறிக்கை எல்லாவற்றையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கி, வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே நூலகமாக வைத்தது. அது அன்பளிப்பு அல்ல, விலைக்குப் போனதுதான். ஆனாலும் வேறு ஒருவர் குப்பை என்று நினைத்திருக்கக்கூடிய காகிதத்துக்கு என்ன மதிப்பு என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இப்படிப்பட்டவற்றைக் கொடுக்கும்போது இரண்டு விஷயம். ஒன்று, இது யாருடையது, எந்த ஊர், ஏறக்குறைய எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். பெயரில்லாத புகைப்படம் அடுத்த தலைமுறைக்கு வெறும் முகம்தான். இரண்டு, குடும்ப அந்தரங்கம், பிறருடைய வங்கி விவரம், மருத்துவ விவரம் இருக்கும் காகிதங்களை வீட்டில் கலந்து பேசிவிட்டுக் கொடுங்கள். கல்லூரியில் அவற்றைப் பாதுகாக்க வசதி இல்லையென்றால், வசதி உள்ள வேறு நூலகத்துக்கு வழிகாட்டும்படி நூலகரிடமே கேட்கலாம்.

பேராசிரியர் ஐயாவின் இரண்டு பீரோ

இதுதான் இன்று நாம் முடிவு செய்ய வேண்டிய கடினமான விஷயம். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் முன்பே பேசி, அவர்கள் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.

புத்தகங்கள் பிரியாமல் ஒரே அலமாரியில், ஐயாவின் பெயர்ப் பலகையோடு இருக்க வேண்டும் என்பது அம்மாவின் முதல் விருப்பம். நாற்பது வருடம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியவை. எந்தப் புத்தகம் எந்த வருடம், எந்தக் கடையில் வாங்கியது என்று அம்மாவுக்குத் தெரியும். அதைப் பிரி என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? நூலகரின் நிலை வேறு. தனி அலமாரியில் பூட்டி வைத்தால் பொருளியல் தேடும் மாணவன் பொருளியல் பகுதிக்குத்தான் போவான், பூட்டிய அலமாரியைத் திறக்கச் சொல்லிக் கேட்க மாட்டான் என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

உலகத்தில் பல நூலகங்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. புத்தகம் அதனதன் பொருளுக்கு உரிய இடத்துக்குப் போகும். ஒவ்வொரு புத்தகத்தின் உள் அட்டையிலும் கொடுத்தவர் பெயர்ச்சீட்டு ஒட்டப்படும். கணினிப் பட்டியலிலும் அந்தப் பெயர் குறிக்கப்படும். பெயரைத் தட்டினால் மொத்தத் தொகுப்பும் ஒரே பட்டியலாக வந்துவிடும். அலமாரியில் பிரிந்திருக்கும், பட்டியலில் சேர்ந்திருக்கும். ஓரத்தில் ஐயா தம் கையால் குறிப்பு எழுதிய புத்தகங்களை மட்டும் தனியாக, நூலகத்துக்குள்ளேயே வைத்துப் படிக்கும் பிரிவில் வைக்கலாம்.

நான் இதை அம்மாவிடம் சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு, "அவர் யார் கேட்டாலும் புத்தகத்தை இரவல் கொடுத்துவிடுவார். பாதி திரும்பி வராது. அதற்காக நான் எத்தனையோ நாள் சண்டை போட்டிருக்கிறேன். அவருக்குப் பூட்டி வைப்பது பிடிக்காது. நீங்கள் சொல்கிறபடியே செய்யுங்கள்" என்றார்கள். அந்தக் கையெழுத்துக் குறிப்புள்ள புத்தகங்களில் இரண்டை மட்டும் தம்மிடமே வைத்துக்கொள்கிறார்கள். அது அவர்கள் உரிமை. கொடுப்பவர் எதையும் தமக்கென்று வைத்துக்கொள்ளக் கூடாது என்று எந்த நூலகமும் சொல்வதில்லை.

என் வேண்டுகோள்

கடைசியாக, சங்கத்தின் முன் நான் வைக்கும் யோசனைகள் இவை.

ஒன்று: பிளாக்குக்கு இருவர் வீதம் தன்னார்வலர்கள் வேண்டும். நான்கு ஞாயிற்றுக்கிழமை, காலை இரண்டு மணி நேரம் போதும். நூலகர் கேட்ட பட்டியலை எக்செலில் அடித்துவிடலாம். ஆசிரியர், தலைப்பு, பதிப்பு, ஆண்டு, நிலைமை என ஐந்தே பத்திகள். பிளஸ் டூ முடித்து வீட்டில் இருக்கும் பிள்ளைகள் வந்தால் வேலை பறக்கும்.

இரண்டு: பட்டியலைக் கொடுத்துவிட்டு, நூலகர் வேண்டும் என்பதை மட்டும் அனுப்புவோம். வேண்டாம் என்பதற்கு வருத்தப்பட வேண்டாம். மிச்சத்தில் கதைப் புத்தகங்களையும் சிறுவர் நூல்களையும் கிளப் ஹவுஸில் ஒரு அலமாரியில் வைக்கலாம். ஒதுக்கியவை எடைக்குப் போகட்டும். அந்தப் பணம் நான்காவது யோசனைக்கு உதவும்.

மூன்று: ஒப்படைக்கும்போது பட்டியலின் இரண்டு பிரதியில் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். ஒன்று நம் கோப்பில் இருக்கும். கொடுத்த பிறகு அது கல்லூரியின் சொத்து. இது லாக்கர் அல்ல, நினைத்தபோது திறந்து பார்க்க. கல்லூரி பின்னால் ஒரு பழைய பதிப்பைக் கழித்துக்கட்டினால் அதற்கும் நாம் சம்மதித்ததாகத்தான் பொருள்.

நான்கு: வெறும் புத்தகத்தோடு நிற்காமல், பெர்க்லி செய்தது போல, பெயர்ச்சீட்டு அச்சடிக்கவும் பைண்டிங்குக்கும் ஒரு சிறு தொகை சேர்த்துக் கொடுப்போம். வீட்டுக்கு நூறு ரூபாய் போட்டாலே போதும் என்று பொருளாளர் கணக்குப் பார்த்திருக்கிறார். விருப்பம் உள்ளவர்கள் மட்டும்.

ஐந்து: ஒரு வருடம் கழித்து, நாம் கொடுத்ததில் எத்தனை இரவல் போயிருக்கின்றன என்று நூலகரிடம் கேட்டு, இந்த இதழிலேயே வெளியிடுவோம். எத்தனை கொடுத்தோம் என்பதைவிட அந்த எண் எனக்கு முக்கியம்.

வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மாடியறை திறந்திருக்கும். முகக்கவசம் கொண்டுவாருங்கள், தூசி நிறைய இருக்கிறது. காபிக்குச் செயலாளர் பொறுப்பு என்று அவரைக் கேட்காமலே அறிவிக்கிறேன்.



— பி பிளாக் குடியிருப்பாளர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்